வீட்டுக்கு வராத பேச்சு

வாரத்தில் ஒரு நாள்தான் ரேடியோவுக்கு வேலை கிடையாது. அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் அவன் செத்துப்போனான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தவன் அப்படியே முன்னால் சரிந்துவிட்டான். ஆயுசெல்லாம் பாரம் தூக்கியவன், கையில் ஒரு பாரமும் இல்லாத நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டானே என்று லாரி டிரைவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ரேடியோ என்பது அவன் பெயரல்ல, கம்பெனியில் வைத்தது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை மூட்டை கட்டி, படியிறக்கி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் படியேற்றி வைப்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. அங்கே அவனுக்கு ஜோடி தூண். அதுவும் பெயரல்ல. ஆள் உயரம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். தூணுக்கும் அவனுக்கும் ஒரே வித்தியாசம், அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான் என்று ரேடியோதான் சொன்னான். அன்றிலிருந்து தூண்.

பீரோவோ பிரிட்ஜோ, படியில் இறக்கும்போது ஒருவன் மேல்பிடி, ஒருவன் கீழ்பிடி. பாரம் முழுக்கக் கீழே இருப்பவன்மேல்தான் சாயும். ரேடியோ எப்போதும் கீழ்பிடிதான். முதுகுப்பக்கமாகப் படி இறங்கிக்கொண்டு, மூக்கில் பீரோ உரச உரசப் பேச ஆரம்பிப்பான். சாமான் லாரியில் ஏறும்வரை நிறுத்த மாட்டான்.

"மாப்ள, இந்தப் பீரோவுக்குள்ள வீட்டுக்காரம்மா மாமியாரை வச்சுப் பூட்டியிருக்காங்க போல. ஆட்டாம வா. முழிச்சுக்கிட்டாங்கன்னா நாம ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

தூண் "ம்" என்பான். சிரிப்புக்கு ஒரு 'ம்', நம்பாததற்கு ஒரு 'ம்', கால் இடறுகிறது நிறுத்து என்பதற்கு ஒரு 'ம்'. எது எதற்கு என்பது ரேடியோவுக்கு மட்டும் தெரியும். பாரம் தோளை அறுக்கும்போது காதில் விழுந்துகொண்டிருக்கும் பேச்சு, பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்ளும். இதைத் தூண் யாரிடமும் சொன்னதில்லை. ரேடியோவிடமும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த சில நாள் கழித்து, கம்பெனி ஆட்கள் சேர்ந்து அவன் வீட்டுக்குப் போனார்கள். பழைய கட்டடம், மாடி வீடு. குறுகலான படி. ஏறும்போதே ஒருவர் பழக்க தோஷத்தில் திருப்பத்தின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை. ரேடியோவின் மனைவி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். பெரிய அடுப்புகளுக்கு முன்னால் நின்று நின்று முன்கையெல்லாம் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு. துக்கத்துக்கு வந்தவர்களையும் பசியோடு அனுப்பத் தெரியாத கை. வந்ததுமே தேநீர் போட உள்ளே போய்விட்டாள். மகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

அப்புறம் லாரி டிரைவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு வீட்ல கிளி ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாம ஒரு சாமானைத் தொட்டாப் போதும், 'திருடன், திருடன்'னு கத்தும். நம்மாளு நேரா கூண்டுகிட்ட போயி, 'அக்கா, நாங்க ரசீது குடுத்துட்டுத்தான் திருடுறோம், நீங்க பதறாதீங்க'ன்னான். சாமான் ஏத்தி முடிக்கிற வரைக்கும் அதுகூட ஒரே சண்டை. ரெண்டு நாள் கழிச்சு அந்த வீட்டம்மா போன் பண்ணி, 'என் கிளியைக் கெடுத்துட்டீங்களே, விடிஞ்சா எழுந்து, பிடி மாப்ள, பிடி மாப்ளங்குது'ன்னு ஒரே புலம்பல்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியாமல் எல்லாரும். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். தட்டில் கோப்பைகளோடு வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைப் பத்திப் பேசுறீங்க?"

"நம்ம ரேடியோவைத்தாம்மா."

"அது யாரு?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "உங்க வீட்டுக்காரரைத்தாம்மா. அவன் பேசுற பேச்சுக்கு நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். வாயை மூடி ஒரு நாள் பார்த்ததில்ல அவனை."

"அவரா?" என்றாள். லேசாகச் சிரித்தாள்கூட, வேறு வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "அவரு பேசவே மாட்டாரே. நாள் பூரா பேசினது மொத்தமாச் சேர்த்தா ஒரு வாய்ச் சோத்துக்குத் தேறாது."

மகளும் சொன்னாள். "அப்பா ரொம்ப அமைதியான ஆளு மாமா."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தூணிடம் திரும்பினாள். இத்தனை பேரில் அவளுக்குத் தெரிந்தவன் அவன்தான்.

"அண்ணே, இவங்க சொல்றது நெசமா?"

"ம்."

"தினமுமா?"

"ம்."

தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நிற்காமல். தேநீர் ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை. மகள்தான் படிவரை வந்து எல்லாரையும் அனுப்பிவைத்தாள்.

*

அதற்கப்புறம் தூண் போனால் அவள் கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், உள்ளே போய்விடுவாள். இரண்டு முறை போய்விட்டுப் பிறகு போவதை நிறுத்திவிட்டான்.

தூணின் மனைவி அவனுக்கு நேரெதிர். ஒரு பேச்சைத் தொடங்கினால் அது ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். அவள் தானாகவே ஒரு நாள் ரேடியோவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க தங்கச்சி பேசினதைக் கேட்டா நீங்க தூங்க மாட்டீங்க."

"என்ன சொன்னா?"

"'அண்ணி, கல்யாணமான புதுசுல ஏதோ பேசினாரு. அப்புறம் இத்தனை வருஷமா எனக்குக் கிடைச்சது, போடு, போதும், கதவைச் சாத்து, இவ்வளவுதான். சரி, மனுஷனோட சுபாவமே அப்படிபோலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பார்த்தா, ஊரான் வீட்டுக் கிளிகிட்டயெல்லாம் பேசியிருக்காரு. என் பங்குப் பேச்சையும் சேர்த்து அண்ணன்கிட்ட பேசித் தீர்த்துட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு. அண்ணனைப் பார்த்தா எனக்கு எரியுது அண்ணி, நான் என்ன பண்ணட்டும்'ங்கிறா."

தூண் சுவரைப் பார்த்தான்.

"ஏங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்."

"எனக்கென்ன பேசத் தெரியும்."

"பேச வேண்டாம். அவரு பேசினதைச் சொல்லுங்க, போதும். உங்ககிட்ட தானே கிடக்கு அவ்வளவும்? யாருக்குச் சேர்த்து வச்சிருக்கீங்க?" என்று சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. "நான் அந்த இடத்துல இருந்தா உங்களை ரெண்டு அறை விட்டிருப்பேன். அவ நல்லவ."

தூண் எழுந்து வெளியே போய், தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பிவந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்பெனியில் இப்போது அவனுக்குப் புது ஜோடி. நல்ல பலசாலி, பொறுப்பானவன். பாரத்தைப் பிடித்தால் முனகலோடு சரி. அந்த முனகலைக் கேட்டபடி படியிறங்கும்போது, தூணுக்குச் சின்ன மேஜைகூடக் கனத்தது.

*

மழைக்காலம் தொடங்கிய நேரத்தில் மகள் போன் செய்தாள். அவளுக்கு வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டைக் காலி செய்கிறார்கள்.

"மாமா, அம்மா வேற கம்பெனிக்குச் சொல்லிட்டாங்க."

தூணுக்கு யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல இருந்தது. ரேடியோவின் வீட்டுச் சாமானை வேறு ஆள் தூக்குவதா? கம்பளி போடாமல் கண்ணாடியைத் தூக்குவார்கள். பீரோவைச் சுவரில் இடிப்பார்கள்.

"வேண்டாம்னு சொல்லிரு," என்றான்.

"சொல்லிட்டேன் மாமா," என்றாள் மகள். "அம்மாவுக்குத் தெரியாது. நீங்க வந்துருங்க. திட்டினா நான் வாங்கிக்கிறேன்."

வீடு மாறும் நாள் காலையில் வானம் மூடிக்கொண்டு நின்றது. புது ஜோடியைத் தூண் அழைக்கவில்லை. "நான் வர்றேன்டா," என்று டிரைவரே சொன்னார். தொந்தியும் தொப்பையுமான ஆள். லாரியை விட்டு இறங்குவதற்கே யோசிப்பவர். அன்றைக்குப் பாரம் தூக்கும் வார்ப்பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் படி ஏறினார்.

கதவைத் திறந்தவளுக்குத் தூணைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தூக்குறதுக்கு."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் குனிந்து ஏற்கெனவே ஒட்டிய அட்டைப்பெட்டிக்கு இன்னொருமுறை டேப் ஒட்டினாள். அம்மா விலகி வழிவிட்டாள்.

வேலை ஆரம்பித்தது. முதலில் பெட்டிகள், பிறகு பாத்திர மூட்டை, மெத்தைகள். கட்டிலைக் கழற்றி மரையாணிகளைத் துணியில் முடிந்து கட்டில் காலிலேயே கட்டினான் தூண். பீரோவின் கதவுக்குக் கம்பளி சுற்றி, கயிறு போட்டு இறுக்கினான். டிரைவரை மேலே நிற்கவைத்துவிட்டுக் கீழ்பிடியைத் தான் எடுத்துக்கொண்டான். வாழ்நாளில் முதல்முறை. பாரம் அத்தனையும் மார்பில் வந்து இறங்கியபோது, அடப்பாவி, இதை வைத்துக்கொண்டா அத்தனை பேச்சுப் பேசினாய் என்று தோன்றியது. திருப்பத்தில் டிரைவர் மூச்சுவாங்கி, "டேய், நெஞ்சு அடைக்குதுடா," என்றார். பீரோவை ஒரு படியில் சாய்த்து, இருவரும் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார்கள். மேலே, அவள் படியின் கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

மதியத்துக்குள் வீடு காலியானது. சாமான் போன இடமெல்லாம் சுவரில் வெளிறிய சதுரங்கள். பேசினால் எதிரொலித்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் பேப்பரில் வைத்து மகள் எல்லாருக்கும் கொடுத்தாள். வேலை நேரத்தில் முட்டையை ஓட்டோடு உருட்டி ரேடியோ வித்தை காட்டுவான் என்று டிரைவர் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து முட்டையையே வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

கடைசியாகப் பரண். தூணுக்கு முக்காலி தேவையில்லை. கையை நீட்டினாலே எட்டும். பழைய விரிப்பு, உடைந்த மின்விசிறி, அதற்குப் பின்னால் ஒரு குழந்தைத் தொட்டில். கம்பிபோல மெல்லிய மரச்சட்டங்கள் வைத்த, காலுள்ள தொட்டில். தூண் அதைக் கீழே இறக்கித் தரையில் வைத்தான்.

"அது வேண்டாம்," என்றாள் அவள். "குப்பையில போட்டுருங்க."

"அம்மா, அது நான் படுத்ததா?" என்றாள் மகள்.

"இல்ல. நீ என் பக்கத்துலதான் படுத்த. அது உனக்கு முன்னால பிறந்தவனுக்கு வாங்கினது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்கப்பாவுக்கு அதெல்லாம் ஞாபகமே கிடையாது. அந்தப் புள்ளையைப் புதைச்சுட்டு வந்த மறுநாள் வேலைக்குப் போனவரு. அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரு வார்த்தை, அவனைப் பத்திப் பேசினதில்ல. தூக்கிப் போடுங்கண்ணே."

தூண் தொட்டிலைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு உயரமான மனிதன் காலை மடக்கிச் சாமானில்லாத அறையின் நடுவில் உட்கார்ந்ததும், நின்றவர்களுக்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் போனது.

"பேசினான்மா," என்றான்.

அவள் திரும்பினாள்.

"எனக்குக் கோர்வையாச் சொல்ல வராது. தப்பாச் சொன்னா மன்னிச்சுக்க." கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் பேசிக்கிட்டே இருப்பான். ஆனா தொட்டில்னு ஒண்ணு இருந்தா மட்டும் வாய் மூடிரும். என்னைத் தொட விட மாட்டான். சின்ன சாமான்தானேம்மா, ஒரு கையில தூக்கலாம். அவன் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, ஒவ்வொரு படியாப் பார்த்து இறங்குவான். கண்ணாடிச் சாமானுக்குக்கூட அப்படி இறங்கினதில்ல. லாரியில வச்சதும் பழையபடி பேச்சு ஆரம்பிச்சுரும். நான் ஏன்னு கேட்டதில்ல. எனக்குத்தான் கேக்கவும் தெரியாதே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் லாரிக்குத் தார்ப்பாய் போடவேண்டும் என்று முணுமுணுத்தபடி கீழே இறங்கினார்.

"ஒரு நாள் ஒரு இளம் ஜோடியோட வீடு. அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சு. புதுத் தொட்டில். இதே மாதிரி. ரேடியோ அதை எடுத்துக்கிட்டு இறங்கினவன், படித் திருப்பத்துல உட்கார்ந்துட்டான், மடியில வச்சுக்கிட்டு. என்னடா, இடுப்புப் பிடிச்சிருச்சான்னு பக்கத்துல போனேன். 'மாப்ள, என் பையனுக்கு வாங்கினதும் இதேதான்'னான். உனக்கு ஏதுடா பையன்னு நினைச்சேன். அப்புறம்தான் சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

"'அவன் விரல் இருக்கே மாப்ள, என் விரல் நகத்துல பாதி இருக்காது. ஆனா பிடிச்சான்னா விடமாட்டான். ராத்திரி அவ தூங்கினதுக்கப்புறம் என் விரலைத் தொட்டிலுக்குள்ள விட்டுவைப்பேன். பிடிச்சுக்குவான். நகரவும் முடியாது, உட்காரவும் முடியாது. கால் மரத்துப்போகும். அப்படியே நிப்பேன்'னான்."

அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. "எனக்குத் தெரியாதே," என்றாள் விரல்களுக்குள். "நான் தூங்கிட்டேனே அண்ணே. உடம்பு அசதியில நான் தூங்கிட்டேனே."

"வீட்ல தங்கச்சிகிட்ட இதைப் பேசுறியாடான்னு கேட்டேன். என் வாயிலேர்ந்து வந்த ஒரே கேள்வி அதாத்தான் இருக்கும். 'எவ்வளவு பெரிய பீரோன்னாலும் எங்க பிடிக்கணும்னு எனக்குத் தெரியும் மாப்ள. இதை எங்க பிடிக்கிறதுன்னு தெரியல. வீட்ல வாயைத் திறந்தா முதல்ல அதுதான் வரும். வந்துச்சுன்னா அவளும் விழுவா, நானும் விழுவேன். அதான் வாசல்லயே வாயைக் கழட்டி வச்சுட்டு உள்ள போறேன்'னான்."

மகள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தூண் எழுந்திருக்கப் பார்த்தான். சொல்லவேண்டியது முடிந்துவிட்டதென்று நினைத்தான்.

"பெரிய தியாகி!" என்றாள் அவள் திடீரென்று. குரல் அந்தக் காலி வீட்டில் முட்டித் திரும்பியது. "நான் விழலையா? நான் விழுந்தேன் அண்ணே. ஒருத்தியா விழுந்தேன். குழாயைத் திறந்து விட்டுட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி நின்னுக்கிட்டு அழுவேன், அவருக்குக் கேக்கக் கூடாதுன்னு. மனுஷன் மறந்துட்டு நிம்மதியா இருக்காரு, நாம ஏன் கிளறணும்னு. அவரு எனக்காகப் பேசலையாம், நான் அவருக்காகப் பேசலை. ஒரே வீட்டுக்குள்ள, ஒரே கட்டில்ல... இதெல்லாம் ஒரு பொழைப்பா? ஒரு தடவை. ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன? விழுந்திருப்போம். ரெண்டு பேரும் விழுந்துட்டு எழுந்திருப்போமே!"

பதில் சொல்லவேண்டியவன் மண்ணுக்குள் இருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, குழாயைத் திறக்காமல் அழுதாள். மகள் நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வேற என்ன சொல்வாரு?"

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியாச்சும். இவ்வளவு பேசினாருல்ல."

தூண் யோசித்தான். "பெரும்பாலும் உன்னைப் பத்தித்தான்மா."

"என்னைப் பத்தியா? என்னைப் பத்தி என்ன இருக்கு பேச?"

"நீ வெங்காயம் வெட்டும்போது நாக்கைக் கடிச்சுக்குவியாம். ஸ்கூல் சமையல்ல இருநூறு பேருக்கு உப்புப் போட்ட கை, வீட்டுக்கு வந்தா அளவு தெரியாம போட்டுருமாம். 'மாப்ள, நேத்திக்குக் குழம்புல குளிச்சா கடல்ல குளிச்ச மாதிரி இருந்திருக்கும். வாயைத் திறக்காம தின்னேன்'னான்."

"பொய்!" என்று நிமிர்ந்தாள். "ரெண்டாவது தடவை போட்டது அவருதான். நான் போட்டது தெரியாம அவரும் ஒரு கை அள்ளிப் போட்டுட்டு, திருட்டுப்பூனை மாதிரி உட்கார்ந்திருந்தாரு!"

"அதை அவன் சொல்லல."

"எப்படிச் சொல்வாரு!"

மகள் சிரித்துவிட்டாள். அழுத முகத்தோடு சிரித்ததால் மூக்கு ஒழுகி, அதைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். "என்னைப் பத்தி மாமா?"

"நீ மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்த சட்டை. அவனுக்குக் கழுத்து இறுக்கம். அதைப் போட்டுக்கிட்டு வந்து நாள் முழுக்க, 'மாப்ள, மூச்சு முட்டுது, ஆனா கழட்ட மாட்டேன்'னு ஒரே பாட்டு. சாமான் தூக்குற வேலைக்கு யாரும்மா புதுச் சட்டை போட்டுட்டு வருவா?"

இப்படியே போனது பேச்சு. தூணுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றை எடுத்தால் அதன் அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அவள் பாதிக்குப் பாதி மறுத்தாள், திருத்தினாள், "அப்படியா சொன்னாரு?" என்று நின்றாள். கீழேயிருந்து டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய் தூணு! ஆத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள நாம பாலத்தைத் தாண்டிரணும்டா! மேல என்னடா பண்றீங்க?"

"வர்றோம்!" என்று கத்தினாள் அவள். எழுந்து, தொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அதற்கு இரண்டு பேர் தேவையில்லை. தூண் மறுபக்கம் பிடித்தான். முதுகுப்பக்கமாக, படி பார்த்து இறங்கினான். இருவரும் பேசவில்லை.

*

புது ஊரில் தரைத்தள வீடு. வாசலில் இறங்கினால் தெரு. மழை அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சாமான்களை இறக்கி, கட்டிலைப் பூட்டி, அடுப்பை வைத்துக் கொடுத்தார்கள். தொட்டிலை எங்கே வைப்பது என்று தூண் கேட்டான். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கட்டில் பக்கமாகக் கைகாட்டினாள். "துவைச்ச துணி போட்டுக்கிறேன். சும்மா கிடக்க வேண்டாம்."

முதல்முறையாக அந்த அடுப்பில் தேநீர் கொதித்தது. பாத்திர மூட்டையில் கோப்பைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் மகள் டம்ளர்களிலும் கிண்ணத்திலுமாக ஊற்றினாள். டிரைவர் தன் பங்கைக் குடித்துவிட்டு டயரைப் பார்க்கப் போனார். தூண் பிரிக்காத பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். இனி கிளம்பவேண்டியதுதான். இந்த வீட்டுக்கும் அவனுக்கும் நடுவில் இனி சில மணி நேரப் பயணம்.

"அண்ணே," என்றாள் அவள். சமையலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "வீட்ல அவரு எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தூண் கொஞ்சம் திகைத்தான். தெரியும் என்று வாய்வரை வந்தது. பேசாத ரேடியோவை நினைத்துப் பார்க்க முயன்றான். எதுவும் தோன்றவில்லை.

"தெரியாதும்மா."

"நான் சொல்றேன், கேளுங்க." அவளும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வந்ததும் காலைக் கழுவிட்டு, சமையலறை வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உட்காருவாரு. பேசமாட்டாரு. ஆனா நான் என்ன செஞ்சாலும் கண்ணு என் கையோடவே வரும். வெங்காயம் வெட்டினா அதைப் பார்ப்பாரு. அடுப்பைப் பத்தவச்சா அதைப் பார்ப்பாரு. என்ன இது, போலீஸ்காரன் மாதிரின்னு எனக்குச் சில நாள் எரிச்சலா வரும். இன்னிக்கு லாரியில வரும்போதுதான் நினைச்சேன், மறுநாள் உங்ககிட்ட சொல்றதுக்குப் பார்த்திருக்காரு."

"ம்," என்றான் தூண்.

"தூங்கும்போது என் மணிக்கட்டைப் பிடிச்சுக்குவாரு. லேசா இல்ல, பாரம் தூக்குற பிடி. என் கை மரத்துரும். மெதுவா விடுவிச்சா, தூக்கத்துலயே தேடிப் பிடிப்பாரு. அப்பவும் பேச்சு கிடையாது." தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். "இன்னொண்ணு. கட்டில்ல உட்கார்ந்து தோளுக்குத் தைலம் தேய்ச்சுவிடச் சொல்வாரு. அதுவும் வாயால இல்ல, பாட்டிலை எடுத்து என் முன்னால வைப்பாரு. சில நாள் தோள்பட்டை ரெண்டும் கன்றிப்போயிருக்கும். 'இன்னிக்கு ரொம்பக் கஷ்டமான வேலையா'ன்னு கேப்பேன். அதுக்கு மட்டும் பதில் வரும். எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். வேற சொன்னதே இல்ல."

"என்ன சொல்வான்?"

"'மாப்ள இருந்தான்'பாரு."

தூண் அவளையே பார்த்தான்.

"அவ்வளவுதான். கஷ்டமா இருந்துச்சா இல்லையான்னு சொல்லமாட்டாரு. 'மாப்ள இருந்தான்.' அதுக்கு மேல நான் கேக்கவும் மாட்டேன்."

தூண் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தான். வைத்துவிட்டு நிமிரவில்லை. மயானத்திலும் அழாத ஆள். அன்றைக்கு எல்லாரும் அவனைப் பார்த்துவிட்டு, கல் நெஞ்சுக்காரன் என்று முணுமுணுத்திருந்தார்கள். அந்த நீளமான முதுகு இப்போது குலுங்கியது. சத்தம் போட்டு அழத் தெரியாததால் மூச்சு விக்கி விக்கி வந்தது. பெரிய கைகள் இரண்டும் முகத்தை மூடப் போதவில்லை.

மகள் பதறி எழுந்தாள். அம்மா கையமர்த்தினாள். "இருக்கட்டும். அழட்டும், விடு."

டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசலில் வந்து, "என்னடா, கிளம்ப—" என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். சாவியைப் பைக்குள் போட்டார். வந்த சத்தம் தெரியாமல் சுவரோரம் கிடந்த மெத்தைச் சுருளின்மேல் உட்கார்ந்தார்.

அவள் எழுந்து போய் அடுப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்தாள். தீயைக் குறைத்தாள். பிறகு திரும்பி வந்து தூணுக்கு எதிரே அதே பெட்டியில் உட்கார்ந்து, அவன் முகத்தைத் துடைக்கும்வரைகூடக் காத்திராமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அப்புறம் ஒரு நாள் என்னாச்சுன்னா அண்ணே, இவளுக்குக் காய்ச்சல்..."